ஸ்டிக்கர் ஒட்டிய பி.பி. மிஷின்

குக்கர் விசில் அடித்தால் நான் எண்ணுவேன், என் வீட்டுக்காரர் கணக்குப் போடுவார். சோற்றுக்கு மூன்று, துவரம் பருப்புக்கு நான்கு, மாட்டுக்கறிக்கு ஏழு. அழுத்தத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவருக்கு அது போதாது. "உள்ள ஒரு பார் இருக்குதும்மா. ஒரு பாருன்னா பதினாலரை பி.எஸ்.ஐ., நூறு கிலோபாஸ்கல்" என்று கூடத்திலிருந்து குரல் வரும். பருப்பு வெந்ததா இல்லையா என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

குளியலறைக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது என்று ஒருநாள் சொன்னேன். மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். "டேங்கு பத்தடி ஒசரத்துல இருக்குது. பத்தடி தண்ணிக்கு பாயிண்ட் மூணு பார்தான் கெடைக்கும். இதுக்கு மேல எதிர்பார்க்கக் கூடாது" என்றார். குழாய் மூக்கைக் கழற்றி, அதில் அடைத்திருந்த பாசியை நான்தான் ஊசியால் குத்தி எடுத்தேன். பாயிண்ட் மூணு பார் பீய்ச்சி அடித்தது.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை, செய்யும் தொழில் அப்படி. ஒரகடம் பக்கம் ஒரு ஜப்பான் கம்பெனியில் வேலை. அங்கே மிஷின்களில் இருக்கிற அழுத்தம் காட்டும் கேஜ்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பது அவர் பொறுப்பு. ஜெர்மன் மிஷின் பார் என்று காட்டுமாம், அமெரிக்க மிஷின் பி.எஸ்.ஐ. என்று காட்டுமாம், நம்மூர் மிஷின் கிலோ என்று காட்டுமாம். ஜப்பான்காரர்கள் கிலோபாஸ்கலைத் தவிர வேறெதையும் கண்ணெடுத்துப் பார்க்க மாட்டார்களாம். இவர் ஒவ்வொன்றையும் எடுத்துவந்து, மாஸ்டர் கேஜ் என்று ஒன்று இருக்கிறதாமே, அதோடு சேர்த்து வைத்து ஒப்பிடுவார். இரண்டும் ஒன்றுபோலக் காட்டினால் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவார். ஸ்டிக்கர் இல்லாத எதையும் அவர் நம்புவதில்லை. எங்கள் கல்யாணம் அவர் இந்த வேலைக்குச் சேருவதற்கு முன்பே நடந்துவிட்டது, அதனால் நான் பிழைத்தேன்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் காஞ்சிபுரம் பஸ் நிலையத்துக்கும் ஏனாத்தூருக்கும் நடுவில் பல வருடம் ஷேர் ஆட்டோ ஓட்டியவள். ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு, எனக்கு முன்னால் போகிற காலேஜ் பஸ்களின் முதுகையே பார்த்துப் பார்த்து ஒரு ஆசை வந்துவிட்டது. ஹெவி லைசன்ஸ் எடுத்தேன். "பொம்பள, அதுவும் இந்த வயசுல" என்று சிரித்தவர்களை எல்லாம் மனதில் குறித்துவைத்துக்கொண்டே எடுத்தேன். எங்கள் அப்பா ஓட்டியதெல்லாம் ஏர்தான், அதுவும் அடுத்தவர் நிலத்தில், அடுத்தவர் மாட்டை வைத்து. அவர் மகள் ஐம்பது பேர் உட்காருகிற பஸ்ஸை ஓட்டப் போகிறாள் என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். ஏனாத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் பெண் டிரைவர் வேண்டும் என்று கூப்பிட்டுவிட்டார்கள். மாதக் கடைசி சனிக்கிழமை பஸ்ஸை ஓட்டிக் காட்ட வேண்டும், அதற்கடுத்த திங்கட்கிழமை உடல் தகுதிச் சோதனை. சோதனையில் பி.பி. இருப்பது தெரிந்தால் வேலை கிடையாது. அதை அவர்கள் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகள் இதைக் கேட்டதும் ஆன்லைனில் ஒரு பி.பி. மிஷின் வாங்கி அனுப்பினாள். கையில் பட்டையைச் சுற்றி பொத்தானை அமுக்கினால் அதுவே காற்றடித்து அதுவே நம்பர் காட்டும். முதல் நாள் எனக்கு நூற்று இருபத்து நான்குக்கு எண்பது காட்டியது. "பாஸு" என்று கையைத் தட்டினேன்.

வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "இது சரியாத்தான் காட்டுதுன்னு உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டார்.

"மிஷின்தான் சொல்லுது."

"மிஷின் ஆயிரம் சொல்லும். செக் பண்ணாத மிஷின் பொய்தான் சொல்லும். குடு இங்க."

மறுநாள் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கம்பெனிக்கு எடுத்துப் போனார். சாயந்திரம் ஜெயித்த முகத்தோடு வந்தார். மாஸ்டர் கேஜோடு இணைத்துப் பார்த்தாராம், இம்மி பிசகவில்லையாம். திரையின் வலது ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்குப் பச்சை ஸ்டிக்கர் மினுமினுத்தது. எனக்கு ஒரு முழம் பூ வாங்கி வந்த நாட்களில்கூட அவர் இப்படி நடந்து வந்ததில்லை.

பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினோம். நூற்று அறுபத்தைந்துக்கு நூற்று ஏழு.

திரையில் ஏதோ தூசி மாதிரி ஒரு புள்ளி இருந்தது. நம்பர் சரியாகத் தெரியட்டும் என்று முந்தானையால் துடைத்தேன், போகவில்லை. ஈ எச்சமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுபடி அமுக்கினோம். நூற்று அறுபத்தேழு.

"பாத்தியாம்மா?" என்றார் அவர். குரல் கம்மிப் போயிருந்தது. "நேத்து காட்டுனது அத்தினியும் பொய். நான் மட்டும் இத்த எடுத்துக்கினு போவலன்னா நாம ஏமாந்து இருப்போம்."

அன்று முதல் வீட்டில் உப்பு நின்றது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள், எங்கள் வீட்டில் அது தட்டிலே விழுந்தது. ஊறுகாய் ஜாடியைப் பரண்மேல் ஏற்றினார். அப்பளம் போனது, கருவாடு போனது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் ஜெபம் முடிந்து வந்தால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு நெத்திலிக் கருவாடு வறுபடும். அந்த வாசனையில் உட்கார்ந்துகொண்டு நான் வேகவைத்த வாழைத்தண்டு தின்றேன். காஞ்சிபுரத்தில் பிறந்துவிட்டு உப்பு, மிளகு, சுக்கு எதுவுமில்லாமல் இட்லி தின்னும்படி ஆனவள் அந்த வட்டாரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நம்பர் தெரிந்த பிறகு உடம்பும் அதற்குத் தகுந்தபடி நடக்க ஆரம்பித்தது. அதுவரை எனக்குத் தலைவலி என்றால் என்னவென்று தெரியாது. நூற்று அறுபத்தைந்து என்று கேட்ட சாயந்திரமே பின்மண்டை கனத்தது. படி ஏறினால் மூச்சு வாங்கியது, அதே படியில் முந்தின நாள் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஏறியிருந்தேன்.

மனம் கேட்காமல் மருந்துக் கடையில் ஒருமுறை பார்த்தேன். அங்கே நூற்று இருபத்திரண்டு காட்டியது. ஓட்டமும் நடையுமாக வந்து அவரிடம் சொன்னேன். மனிதர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"அதுல ஸ்டிக்கர் இருந்துச்சா?"

இல்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

செய்தி பக்கத்து வீட்டுக்குப் போனது. பக்கத்து வீட்டுக்காரி வீட்டில் தறி ஓடுகிறது, அவளும் அவள் புருஷனும் பட்டு நெய்கிறவர்கள். வீட்டில் தெலுங்கு, வெளியில் எங்களோடு தமிழ். "அக்கா, கம்பெனியில குடுத்து செக் பண்ண மிஷினாமே, எனக்கும் பாருக்கா" என்று வந்து உட்கார்ந்தாள். நூற்று எழுபத்திரண்டு. "அய்யோ தேவுடா" என்று நெஞ்சில் கை வைத்தாள். அவள் புருஷனை இழுத்துவந்தாள், அவருக்கு நூற்று எழுபது. எதிர்வீட்டுக்காரர், மூலையில் இஸ்திரி போடுகிறவர் என்று வரிசையாக வந்தார்கள். யாரும் நூற்று ஐம்பதுக்குக் கீழே இறங்கவில்லை. என் வீட்டுக்காரருக்கே நூற்று அறுபத்தெட்டு. தெருவே வாழைத்தண்டு வாங்க ஆரம்பித்து, காய்கறி வண்டிக்காரர் எங்கள் தெருவுக்கென்று தனியாக ஒரு கட்டு கொண்டுவந்தார்.

"எல்லாத்துக்கும் டென்ஷன்தான் காரணம்" என்று வீட்டுக்காரர் தீர்ப்புச் சொன்னார். ஒரு தெருவுக்கே எப்படி ஒரே மாதிரி வரும் என்று நான் கேட்டேன். "அதான் சொல்றேன், ஒரே தெருல இருக்கறோம், ஒரே தண்ணி குடிக்கறோம்" என்றார். அந்த நேரத்துக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

ஆனால் ஓட்டிக் காட்டுவதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, அவர் சொன்னது எனக்கு நியாயமாகப் படவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவினவர் திரும்பாமலே சொன்னார்.

"இந்தாம்மா, அந்த காலேஜுக்கு போன் போட்டு வரலன்னு சொல்லிடு."

"ஏன்?"

"திங்கக்கெழம அவங்க பாத்து பி.பி.ன்னு எழுதிட்டா அப்புறம் எங்க போனாலும் அதான் பேச்சு. பஸ்ல அம்பது புள்ளைங்க உக்காந்துக்கினு இருக்கும். நீ ஓட்டிக்கினு இருக்க சொல்ல மயக்கம் வந்துச்சுன்னா?"

எனக்கு வந்த கோபத்துக்கு மிஷின் அப்போது கையில் இருந்திருந்தால் வெடித்தே போயிருக்கும். "உப்ப உட்டேன், கருவாட்ட உட்டேன், ஊறுகாய பரண் மேல ஏத்துனீங்க, சும்மா இருந்தேன். ஸ்டீரிங்க உட மாட்டேன்யா" என்று கத்தினேன். கத்திவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். அவர் சொன்ன ஐம்பது பிள்ளைகள் என் கண் முன்னால் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். அவர் சொல்வது சரியாக இருந்தால்? நான் அழுதேன். வேலை போகிறதே என்று அழுதேனா, உடம்பு போய்விட்டதே என்று அழுதேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஓட்டிக் காட்டுவது மட்டும் காட்டிவிடலாம், ஒருமுறையாவது அந்த சீட்டில் உட்கார்ந்துவிட்டு வந்து, பிறகு வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை காலையில் கல்லூரி மைதானத்தில் பஸ் நின்றது. அங்கே பஸ்களுக்குப் பொறுப்பாக இருப்பவர் வயதில் பெரியவர், பேச்சில் எரிச்சல் இல்லாதவர். ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன். பெரிய பஸ்ஸில் பிரேக் பிடிப்பதே காற்றால்தான். எஞ்சின் ஓடி டேங்கில் காற்று நிறையும்வரை வண்டியை நகர்த்தக் கூடாது. நான் ஓட்டிப் பழகிய பஸ்ஸில் முள் எட்டுக்கு வந்ததும் கிளம்புவோம். இந்தப் பஸ்ஸில் முள்ளைப் பார்த்தேன். எழுநூறைத் தாண்டி எண்ணூறுக்குப் போய்க்கொண்டிருந்தது.

எட்டு இருக்க வேண்டிய இடத்தில் எண்ணூறு. எஞ்சினை அணைத்துவிட்டுக் குதித்து இறங்கினேன். "சார், தள்ளிப் போங்க சார், ஏர் டேங்கு வெடிக்கப் போவுது!"

அவர் தள்ளிப் போகவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வெடிக்காதும்மா. நீ பழகினது பார் கேஜு, இது கிலோபாஸ்கல் கேஜு. எட்டு பாரும் எண்ணூறு கிலோபாஸ்கலும் ஒண்ணுதான். உள்ள அதே காத்துதான் இருக்குது. மொதல்ல எழுத்தப் பாரு, அப்புறம் நம்பரப் பாரு."

மறுபடி ஏறி எழுத்தைப் பார்த்தேன். முள்ளுக்குக் கீழே, வலது ஓரத்தில், எறும்பு அளவில் மூன்று எழுத்து இருந்தது. வலது ஓரத்தில். எங்கள் வீட்டு மிஷினிலும் முதல் நாள் அந்த இடத்தில் என்னவோ பொடி எழுத்து இருந்தது. இப்போது அங்கே பச்சை ஸ்டிக்கர் இருக்கிறது. துடைத்தும் போகாத அந்த ஈ எச்சமும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பஸ்ஸை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. ஊருக்குள் ஒரு தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள், தெரு நீளத்துக்குப் பட்டு நூல். அவர்கள் சுருட்டி எடுக்கும்வரை ஹாரன் அடிக்காமல் நிறுத்திக் காத்திருந்தேன். "பொறுமையான டிரைவரு" என்று கூடவே பஸ்ஸில் வந்த பெரியவர் பாராட்டினார். நான் உள்ளுக்குள் வீட்டுக்குப் பறந்துகொண்டிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்.

வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டுக்காரி பட்டையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரர் அடுப்படி வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார். நான் மிஷினை எடுத்து நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டினேன். நல்ல கம்பெனி ஸ்டிக்கர், லேசில் வரவில்லை. வந்தபோது கீழே மூன்று பொடி எழுத்து இருந்தது. பஸ்ஸில் பார்த்த அதே மூன்று.

"இன்னாங்க, ஒரு கணக்கு" என்றேன். "பதினாறரை கிலோபாஸ்கல்னா, டாக்டருங்க பாக்குற பாதரசக் கணக்குல எவ்ளோ?"

"நூத்தி இருவத்தி நாலு" என்றார், தலையைத் தூக்கவில்லை. கத்தியும் நிற்கவில்லை.

"பத்து புள்ளி ஏழுன்னா?"

"எம்பது."

"மொத நாளு, நீங்க கம்பெனிக்கு எடுத்துக்கினு போறதுக்கு முன்னாடி, எனக்கு எவ்ளோ காட்டுச்சு?"

கத்தி நின்றது. "நூத்தி இருவத்தி நாலுக்கு எம்பது" என்றார் மெதுவாக. எழுந்து வந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மிஷினை முகத்துக்கு அருகில் வைத்துப் பார்த்தார். எங்கள் வீட்டில் மூன்று வாரமாக ஈ எச்சமாக இருந்தது தசமப் புள்ளி என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. பதினாறு புள்ளி ஐந்தை நாங்கள் நூற்று அறுபத்தைந்து என்று படித்திருக்கிறோம். மாஸ்டர் கேஜ் கிலோபாஸ்கலில் காட்டும் என்பதால், ஒப்பிட வசதியாக மிஷினின் பொத்தானை அழுத்திப் பிடித்துக் கிலோபாஸ்கலுக்கு மாற்றியிருக்கிறார். சோதித்தார், சரியாக இருந்தது, ஸ்டிக்கரை எடுத்து எழுத்தின் மேலேயே ஒட்டிவிட்டார். திருப்பி மாற்ற மறந்துவிட்டார். நாள் முழுக்க ஊரார் கேஜுக்கெல்லாம் யூனிட் மாற்றிக் கொடுக்கிறவர்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி முந்திக்கொண்டாள். "அப்போ எங்களுக்கு பி.பி. இல்லயா? மூணு வாரமா எங்க வீட்டு மனுஷன் உப்பில்லாத சோறு தின்னுட்டு தறியில உக்காந்து என்னையே மொறச்சிக்கினு இருக்காரே!" பட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு, தெருவுக்குச் சொல்ல ஓடினாள். போகிற போக்கில் எங்கள் பரணிலிருந்த ஊறுகாய் ஜாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

நான் திட்டுவதற்குத் தயாராக நின்றேன். மூன்று வாரக் கோபம், உப்பில்லாமல் ஊறிய கோபம். ஆனால் அவர் வாழைத்தண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார். "நீ எனக்கு முன்னாடி போய்டுவியோன்னு பயந்துக்கினே இருந்தேம்மா" என்றார். "அதான் புள்ளி தெரியல." அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை. திட்டு வாய்க்குள்ளேயே கரைந்துபோனது. இந்த மனிதர்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கூச்சமாகவும் இருந்தது, அதனால் "எழுந்திருங்க, நெத்திலி வாங்கிக்கினு வாங்க" என்றேன். அவரே வறுத்தார். உப்புக் கருவாட்டின்மேல் இன்னும் ஒரு பிடி உப்புப் போட்டு வறுத்தார்.

திங்கட்கிழமை சோதனைக்குக் கூடவே வந்தார். நர்ஸம்மா பழைய பாதரச மிஷினை எடுத்து வைத்தார். இவர் குனிந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஸ்டிக்கர் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்து, காலை ஓங்கி மிதித்தேன். நூற்று இருபத்தாறுக்கு எண்பத்திரண்டு. "நார்மல்மா" என்றார் நர்ஸம்மா. அந்த வார்த்தையை நான் கேட்டு முடிப்பதற்குள் இவர் ஓரத்து எழுத்தை வாய்விட்டுப் படித்து உறுதி செய்துகொண்டார்.

இப்போது நான் திருப்புட்குழியிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊர் வழியாக ஏனாத்தூர் போகிறேன். அவருடைய கம்பெனி பஸ் நிற்கும் முனையைத் தாண்டித்தான் என் பஸ் போக வேண்டும். முதல் நாள் காலையில் அவர் கம்பெனி ஆட்களோடு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தார். கை காட்டுவார், ஒரு சிரிப்பாவது சிரிப்பார் என்று பார்த்தேன். மனிதர் என்னைப் பார்க்கவே இல்லை, குனிந்து என் முன் டயரைப் பார்த்தார். பிறகு கையால் காற்றில் ஒரு வட்டம் போட்டு, எவ்வளவு என்று சாடை கேட்டார்.

பின்னால் பெண்பிள்ளைகள் எல்லாம் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். காலையில் காற்றைச் சோதித்துவிட்டுத்தான் எடுத்தேன். தலையை வெளியே நீட்டி, தொண்டை கிழியக் கத்தினேன். "நூத்திப் பத்து!"

அவர் முகம் மலரவில்லை. அத்தனை ஆட்கள் நடுவிலிருந்து, இரண்டு கையையும் வாய்க்குக் குவித்துக்கொண்டு, திருப்பிக் கத்தினார்.

"என்ன யூனிட்டும்மா?"